பாக்கிச் சம்பளம்

மூன்று மாதச் சம்பளத்துக்குப்
பதினோரு தொட்டிகள் கிடைத்தன.
முதலாளி கோவாவில் என்றார்கள்.
கடன்காரர்கள் அடுப்பைக் கழற்றிக்கொண்டிருக்க
நான் பின்வாசல் வழியே
ரோஸ்மேரி நான்கு, தைம் இரண்டு, லாவண்டர் மூன்று,
எலுமிச்சை வாசனையோடு ஒரு வெர்பினா,
ஒரு பேசில்,
எல்லாவற்றையும் பேட்டரி ரிக்‌ஷாவில் ஏற்றி
ஷாப்பூர் ஜாட்டிலிருந்து முனிர்க்கா வந்தேன்.
வழியெல்லாம் மூக்கை உறிஞ்சியபடி
வீட்டில் என்ன பூஜை என்று கேட்டான் ரிக்‌ஷாக்காரன்.

ஆறு வருடம் இவற்றைக் கிள்ளிக் கிள்ளித்தான்
ஆட்டுத்தொடை மேல் தூவினேன்.
பெயர் தெரியும். கட்டு என்ன விலை, தெரியும்.
வேர்ப் பக்கம் குனிந்ததில்லை.

நாலாவது மாடிக்கும் மேல் ஒற்றை அறை.
பாதி வாடகை நேகி தருகிறான்,
சமோலிக்காரன், என்னைவிட ஏழு வயது இளையவன்,
பெரிய வீடொன்றில் இரவுக் காவல்.
டிசம்பர் கடைசியில் வானத்தைப் பார்த்து
இன்று பாலா விழும் என்றான்.
எனக்குப் பால் என்று கேட்டது.
உறைபனிக்கு அவன் மொழியில் அதுதான் பெயராம்.
பரமக்குடியில் பனி என்றால்
தலைக்கு ஒரு துண்டு போதும்.
தைப்பனி தரையைத் துளைக்கும்,
மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள்.
நாங்கள் இருப்பதே மச்சில்.
மாசிவரை அது பொறுக்கவில்லை.

எட்டு மணிக்கு அவன் படியிறங்கியதும்
அவன் கட்டிலில் தொட்டிகளை ஏற்றுவேன்.
தலைமாட்டில் லாவண்டர், கால்மாட்டில் தைம்,
சுவரோரம் வெர்பினா.
காலை ஏழுக்கு அவன் வந்து
குரங்குக் குல்லாயைக் கழற்றுவதற்குள்
எல்லாம் மொட்டைமாடியில்.
விரிப்பில் வட்ட வட்டமாய் ஈரம் மட்டும்.

மூன்றாம் நாள் பிடிபட்டேன்.
திட்டுவான் என்று நின்றேன்.
தண்ணீரைக் குறை, என்றான்,
குளிர் கொல்லாது, குளிரில் நனைந்த கால்தான் கொல்லும்.
சொல்லிவிட்டுத் தன் ஷூவைக் கவிழ்த்து
ஜன்னல் கம்பியில் மாட்டினான்.
அவன் போர்வைக்கு என்ன சென்ட் என்று
கேட்டில் டிரைவர்கள் கேட்கிறார்களாம்.
அதையும் சொன்னான், படுத்தபிறகு, சுவரைப் பார்த்து.

பேசில் பிழைக்கவில்லை.
ஒரே இரவில் வெந்த கீரையாய்க் கறுத்துவிட்டது.
நம் திருநீற்றுப்பச்சைக்கு அது பங்காளி,
வெயிலைத் தவிர வேறொன்றும் பழகாத குலம்.
ரோஸ்மேரிக்கோ ஒன்றுமே ஆகவில்லை,
குளிரைத் தின்று கொழுத்தது.
அதைப் போய்த் தூக்கித் தூக்கி
என் இடுப்பு போனதுதான் மிச்சம்.

பிறகு ஒன்பது நாள் சூரியன் இல்லை.
இலைகளில் படிந்த புகையை
ஈரத்துணியால் ஒவ்வொன்றாய்த் துடைத்தேன்.
துணி, வாணலி துடைத்த துணிபோல் ஆனது.
அன்றிரவு நெடுநேரம் இருமினேன்.

வெர்பினா எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டு
ஈர்க்குச்சியாய் நின்றது.
எறியத்தான் எடுத்தேன்.
இஞ்சித்தோல் சுரண்டிய கை சும்மா இருக்குமா,
நகத்தால் ஒரு கீறு.
பட்டைக்கு அடியில்
ஒரு நூல் பச்சை.
எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

பிப்ரவரி நடுவில் முதலாளி ஃபோன் செய்தார்.
குருகிராமில் புதுக் கடை, புது மெனு,
அந்தச் செடியெல்லாம் உன்னிடம்தானே இருக்கிறது,
வரும்போது கொண்டுவந்துவிடு.
சம்பளம் என்று ஒரு சொல் வருமா என்று
கொஞ்சநேரம் காது கொடுத்தேன்.
வரவில்லை.

நேகி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.
கதவைச் சாத்திவிட்டு மாடி வெயிலுக்கு வந்தேன்.
எல்லாம் செத்துப்போச்சு சார்,
உங்க ஊர்க் குளிர் அப்படி, என்றேன்.
பேசிலைப் பொறுத்தவரை அது பொய்யில்லை.
வெர்பினாவின் கீழ்க்கணுவில்
அரிசி முனையளவு ஏதோ முட்டிக்கொண்டிருந்தது.
ஹலோ, ஹலோ, கேட்கிறதா என்றார் அவர்.
தொட்டியை ஒரு சாண் நகர்த்தி
நிழலிலிருந்து எடுத்தேன்.